'எப்படி'க்கு முன்னால் 'எங்கே': பிரசவத்தை மூன்றாம் மாதத்திலேயே யோசிப்பது

கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே "சுகப்பிரசவமா, சிசேரியனா?" என்ற பேச்சு தொடங்கிவிடும். எட்டாவது வாரத்தில் அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. குழந்தை தலை கீழாகத் திரும்புமா, நஞ்சுக்கொடி எங்கே போய் ஒட்டும், ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறுமா, வலி தானாக வருமா, எதுவும் அப்போது தெரியாது. அதே எட்டாவது வாரத்தில் பதில் தேடக்கூடிய, தேடியே ஆகவேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: எந்த இடத்தில், யார் பொறுப்பில்? வலி தொடங்கிய பிறகு பிரசவ முறை ஒரே இரவில் இரண்டு தடவை மாறலாம். படுத்திருக்கும் இடத்தை அப்படி மாற்ற முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் இடத்துக்குத்தான் அதிக இடம்.

தேதியும் பழைய காகிதங்களும்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் பிரசவத் தேதியைக் குறிப்பார்கள். இந்தக் கணக்கு 28 நாள் சுழற்சியை வைத்துப் போட்டது. 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவருக்குக் கருமுட்டை ஒரு வாரம் தள்ளித்தான் வெளிவரும். ஆகவே தேதியும் ஒரு வாரம் பிசகும். அதைச் சரிசெய்யத்தான் 11 வாரத்துக்கும் 13 வாரம் 6 நாளுக்கும் இடையில் எடுக்கும் ஸ்கேன். அப்போது கருவின் உச்சந்தலை முதல் பிட்டம் வரை அளப்பார்கள். ஏறக்குறைய 45 முதல் 84 மில்லிமீட்டர். அந்த வயதில் எல்லாக் கருவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்வதால் பிழை ஒரு வாரத்தைத் தாண்டுவதில்லை. மாதம் ஏற ஏற ஒவ்வொரு குழந்தையும் தன் போக்கில் வளர்கிறது; எட்டாம் மாத ஸ்கேனை வைத்துத் தேதி குறித்தால் இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம்.

இதற்கும் பிரசவ முறைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். 41 வாரம் முடிந்தும் வலி வரவில்லை என்றால் மருந்து கொடுத்து வலி வரவைப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 'நாள் கடந்துவிட்டது' என்று ஒருவர் சொல்லும்போது, அது நிஜமாகவே 41ஆ, கணக்குப் பிசகிய 40ஆ என்பதை மூன்றாம் மாதத்தில் அளந்த அந்தச் சில மில்லிமீட்டர்தான் சொல்லும். இன்னொன்று, குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் 20க்கு ஒன்றுதான். மற்றவை அதற்கு முன்னும் பின்னும் பரவிக் கிடக்கின்றன.

இரட்டைக் குழந்தை என்றால் இரண்டும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்கின்றனவா, தனித்தனியா என்பதும் 14 வாரத்துக்கு முன்னால்தான் தெளிவாகத் தெரியும். பகிர்ந்தால் கண்காணிப்பும் பிரசவத் தேதியும் அடியோடு வேறு. முன்பு சிசேரியன் ஆனவர்கள் இன்னும் முன்னதாக, 6 முதல் 8 வாரத்துக்குள், ஒரு ஸ்கேன் பார்ப்பது நல்லது. கரு பழைய தையல் தழும்பிலேயே ஒட்டியிருந்தால் அதை அப்போதே கண்டுபிடிக்க வேண்டும். ரத்த அழுத்தச் சிக்கல் வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்குக் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் 12ஆவது வாரத்திலிருந்து 16ஆவது வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். ஐந்தாம் மாதத்தில் முதல்முறையாக மருத்துவரிடம் போகிறவருக்கு இந்த மூன்று கதவும் மூடிவிட்டிருக்கும்.

பழைய காகிதங்களையும் இந்தக் கட்டத்தில்தான் தேட வேண்டும். முன்பு சிசேரியன் ஆனவருக்கு வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பு எதையும் சொல்லாது. தோலில் குறுக்காகக் கீறியிருப்பார்கள். உள்ளே கருப்பையை நெடுக்காகக் கீறியிருக்கலாம். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறியிருந்தால் அடுத்தது சுகப்பிரசவமாக முயல வழியுண்டு. மேல்பகுதியில் நெடுக்காகக் கீறியிருந்தால் வலி வரும்போது தையல் பிரியும் ஆபத்து பல மடங்கு. அவருக்கு வலி தொடங்கும் முன்பே சிசேரியன் செய்வதே வழக்கம். எந்த வெட்டு என்பது அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் மட்டும்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் 'சிசேரியன்' என்ற ஒரு சொல்தான் இருக்கும். நார்க்கட்டி அகற்றியவர்களும் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். கருப்பையின் உட்பக்கம் வரை திறந்தார்களா என்பதே கேள்வி. பழைய பதிவேட்டைத் தேடியெடுக்க மருத்துவமனைக்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் இது மூன்றாம் மாத வேலை, ஒன்பதாம் மாத வேலை இல்லை.

இடம்: யாருக்கு எது

உலகெங்கும் வகைகள் ஏறக்குறைய மூன்று: மகப்பேறு மருத்துவரும் அறுவை அரங்கும் உள்ள மருத்துவமனை, மகப்பேற்றுச் செவிலியர் பொறுப்பில் நடக்கும் பிரசவ மையம், அது மருத்துவமனை வளாகத்திலும் இருக்கலாம், தனியாகவும் இருக்கலாம், மூன்றாவது, பயிற்சி பெற்ற செவிலி வந்து பார்க்கும் வீட்டுப் பிரசவம்.

இவற்றை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது இங்கிலாந்தில் நடந்து 2011இல் வெளியானது. சிக்கல் எதிர்பார்க்கப்படாத சுமார் 64,500 பெண்களை, வலி தொடங்கும்போது எங்கே பெற்றெடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களுக்கு எந்த இடமானாலும் குழந்தையின் நலனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அறுவைச் சிகிச்சையும் ஆயுதப் பிரசவமும் (இடுக்கியோ உறிஞ்சு கருவியோ வைத்துக் குழந்தையை எடுப்பது) மட்டும் மருத்துவமனைக்கு வெளியே குறைவு. முதல் பிரசவத்தில் கதை வேறு. மருத்துவமனையில் 1,000 பிரசவத்துக்கு 5.3 என்ற அளவில் இருந்த கடும் பாதிப்பு, வீட்டில் திட்டமிட்டவர்களிடம் 9.3 ஆக இருந்தது. செவிலியர் நடத்தும் மையங்களில் அந்த ஏற்றம் தெரியவில்லை. கடும் பாதிப்பு என்பதில் குழந்தையின் இறப்பு, மூளைப் பாதிப்பு, பிறக்கும்போது ஏற்படும் சில எலும்பு முறிவுகள் எல்லாம் அடக்கம்.

அந்த ஆய்வில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் எண் இதைவிட முக்கியம். வீட்டில் முதல் குழந்தையைப் பெற்றெடுக்கத் திட்டமிட்டவர்களில் 45 சதவீதம் பேர் வலியின்போதோ பிரசவம் முடிந்த கையோடோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். செவிலியர் மையங்களிலிருந்தும் 36 முதல் 40 சதவீதம். இரண்டாவது மூன்றாவது குழந்தை என்றால் 9 முதல் 13 சதவீதம்தான். மாற்றத்தில் பெரும்பாலானவை அலறியடித்து ஓடும் அவசரமும் இல்லை. வலி இழுத்துக்கொண்டே போவது, முதுகில் போடும் வலிமறப்பு மருந்தான எபிடூரல் வேண்டும் என்று கேட்பது போன்றவையே அதிகம். எப்படியானாலும், முதல் பிரசவத்தை மருத்துவமனைக்கு வெளியே திட்டமிடுகிறவர் உண்மையில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டாவது இடத்தின் வாசலையும் அவர் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

இந்த எண்களை எங்கும் அப்படியே தூக்கிப் பொருத்தக் கூடாது. அங்கே வீட்டுக்கு வந்தவர்கள் முறையாகப் படித்து உரிமம் பெற்ற செவிலியர். கையில் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் மருந்து, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் பையும் முகமூடியும், கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸ், மறுகேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை, எல்லாம் இருந்தன. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒப்பீடு உடைந்துவிடும். பயிற்சி பெற்ற ஆள் யாரும் இல்லாமல், காணொளி பார்த்துக் குடும்பத்தாரே நடத்தும் பிரசவத்தை எந்த ஆய்வும் ஆதரிக்கவில்லை. அதை ஒரு 'வழி' என்று இங்கே எண்ணுவதாகவும் இல்லை.

முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை, உயர் ரத்த அழுத்தம், இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோய், கடும் ரத்தசோகை, முந்தைய பிரசவத்தில் பெரும் ரத்தப்போக்கு, கருப்பை வாயை மறைக்கும் நஞ்சுக்கொடி, 37 வாரத்துக்கு முன்பே வந்த வலி: இவற்றில் ஏதாவது இருந்தால் அறுவை அரங்கு உள்ள மருத்துவமனையே இடம். அதில் விவாதிக்க அதிகம் இல்லை.

குழந்தை பிறந்த பிறகு வரும் நிமிடங்கள்

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரே ஒரு சிக்கலை வைத்து அருகில் போய்ப் பார்க்கலாம். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்களின் வாய்கள் திறந்தபடி நிற்கின்றன. அவற்றை மூடுவது கருப்பையின் தசைதான். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தசைநார்கள் சுருங்கி, நடுவில் போகும் குழாய்களை முடிச்சுப் போட்டாற்போல் நெரிக்கின்றன. தொட்டுப் பார்த்தால் தொப்புளுக்குக் கீழே கருப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். மாவுப் பை போல மெத்தென்று இருந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள், வெளியே தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். பிரசவத்துக்குப் பின் வரும் பெரும் ரத்தப்போக்கில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு இப்படித் தசை சுருங்காததால் வருவது. நீண்ட வலி, இரட்டைக் குழந்தை, அளவுக்கு மீறிய பனிக்குட நீர், நிரம்பிய சிறுநீர்ப்பை எல்லாம் தசையைச் சோர வைக்கும். ஒரு காரணமும் இல்லாதவருக்கும் வரும். அதுதான் சங்கடம்.

தடுப்பு எளிது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி. தொப்புள்கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்து வெட்டுவதற்கு இந்த ஊசி தடையில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம். ஆனால் இந்த மருந்து வெப்பத்தில் வீரியம் இழக்கும். 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். மேசை மேல் நாள்கணக்கில் கிடந்த குப்பியிலிருந்து போட்ட ஊசி, போட்ட கணக்கில் மட்டும் சேரும். 'உங்கள் ஆக்சிடோசின் ஃபிரிட்ஜில் இருக்கிறதா?' என்று ஒரு பிரசவ மையத்தில் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

அடுத்த தவறு அளவில் நடக்கிறது. துணியிலும் தரையிலும் சிந்திய ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் எவ்வளவு அனுபவசாலியும் குறைத்தே சொல்வார். பாதியாகக்கூடச் சொல்வார். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைச் சேகரித்து அளந்தார்கள். அளவு தாண்டியதும் கருப்பையைப் பிசைவது, ஆக்சிடோசின், ரத்தம் உறைய உதவும் டிரானெக்சாமிக் அமிலம், சலைன், கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். கடும் ரத்தப்போக்கும் அதைத் தொடர்ந்த பாதிப்புகளும் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து ஏதும் இல்லை. முன்பே கையில் இருந்தவற்றைத் தாமதிக்காமல் கொடுத்ததுதான் வித்தியாசம். டிரானெக்சாமிக் அமிலத்துக்கும் நேரம்தான் உயிர்: 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது.

ரத்தசோகையை முதல் மூன்று மாதத்திலேயே சரிசெய்யச் சொல்வதும் இதற்காகத்தான். ஹீமோகுளோபின் 12 உள்ள பெண் தாங்கும் முக்கால் லிட்டர் இழப்பை 8 உள்ளவர் தாங்க மாட்டார். 11க்குக் கீழே இருந்தால் அன்றிலிருந்தே இரும்புச் சத்து மாத்திரையைத் தொடங்க நேரம் இருக்கிறது. எட்டாம் மாதத்தில் தொடங்கினால் மாத்திரை வேலை செய்து முடிப்பதற்குள் பிரசவம் வந்துவிடும்.

குழந்தையின் பக்கம் ஒரு நிமிடக் கணக்கு உண்டு. பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே மூச்சு விடும். சில குழந்தைகளுக்கு உடம்பைத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். 100க்கு நான்கைந்து குழந்தைகளுக்குப் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டியிருக்கும், அதுவும் முதல் நிமிடத்துக்குள். அந்தப் பை அடுத்த அறை அலமாரியில் பூட்டி இருந்தால் இல்லாததற்குச் சமம்.

மருத்துவமனையில் என்ன கேட்பது

"இங்கே எத்தனை சதவீதம் நார்மல்?" என்று கேட்டால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சிக்கலான தாய்மார்கள் வந்து சேரும் பெரிய மருத்துவமனையில் சிசேரியன் அதிகமாகத்தான் இருக்கும். சிக்கலை வேறு இடத்துக்கு அனுப்பிவிடும் சிறிய இடத்தில் குறைவாகத் தெரியும். ஒப்பிடத் தகுந்த எண் ஒன்று உண்டு. மைக்கேல் ராப்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 2001இல் எல்லாப் பிரசவங்களையும் பத்துப் பிரிவாகப் பிரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2015இல் அதைப் பரிந்துரைத்தது. முதல் பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, 37 வாரம் முடிந்தது, வலி தானாக வந்தது: இது முதல் பிரிவு. 'இந்தப் பிரிவில் உங்களிடம் எத்தனை பேருக்கு சிசேரியன் ஆகிறது?' என்று கேளுங்கள். சில இடங்களில் எண்ணைச் சட்டென்று சொல்வார்கள். கேள்வியே புரியாமல் விழித்தால், அங்கே தங்கள் சிசேரியனை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

மற்ற கேள்விகள் இரவு இரண்டு மணியைப் பற்றியவை. மயக்க மருந்து நிபுணர் அந்த நேரத்தில் கட்டடத்துக்குள் இருப்பாரா, வீட்டிலிருந்து வருவாரா? உயிருக்கு ஆபத்து என்று சிசேரியனுக்கு முடிவெடுத்தால் 30 நிமிடத்துக்குள் குழந்தையை வெளியே எடுப்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. இங்கே எவ்வளவு நேரம் ஆகிறது? ரத்தம் உள்ளேயே இருக்கிறதா? குறைமாதக் குழந்தையை எத்தனை வாரம் முதல் இங்கேயே வைத்துப் பார்ப்பார்கள்? தாயை ஓரிடத்திலும் குழந்தையை இன்னோரிடத்திலும் வைக்க வேண்டி வருமா? கூட ஒருவர் கடைசி வரை இருக்கலாமா?

கடைசிக் கேள்வியை உபசாரக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். 17 நாடுகளில் 15,800க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்த 26 ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, வலி முழுக்க ஒருவர் பக்கத்திலேயே இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடி, சிசேரியன் குறைந்து, வலியின் நேரமும் சுருங்கியிருந்தது. செலவே இல்லாத இந்த ஏற்பாட்டை இடநெருக்கடி என்ற ஒரு காரணத்தைச் சொல்லி மறுக்கும் இடங்கள் இன்னும் நிறைய.

சிசேரியனை முன்கூட்டியே தேர்ந்தெடுத்தால்

மருத்துவக் காரணம் இல்லாமலே திட்டமிட்ட சிசேரியனைக் கேட்கிறவர்கள் உண்டு. அது பேசிப் பார்க்கத் தகுந்த விருப்பம்தான். இரண்டு பக்கத்தையும் வைத்துப் பேச வேண்டும். முதல் சுகப்பிரசவத்தில் 100க்குச் சுமார் ஆறு பேருக்கு ஆசனவாய்த் தசை வரை கிழிசல் போகலாம். ஆயுதம் போட்டால் இன்னும் அதிகம். சிறுநீர் கசிவும் கருப்பை இறக்கமும் பின்னாளில் சிசேரியன் ஆனவர்களைவிட இவர்களிடம் கூடுதல். மறுபக்கம், திட்டமிட்ட சிசேரியன் அமைதியாக முடிந்தாலும் அது வயிற்றைத் திறக்கும் அறுவைதான். ரத்தம் உறைந்து காலிலோ நுரையீரலிலோ அடைப்பது, தொற்று, உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொள்வது எல்லாம் உண்டு. 39 வாரத்துக்கு முன்னால் செய்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் கூடுகிறது. நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து 37ஆவது வாரத்தில் தேதி கேட்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைக்கட்டும்.

பெரிய விலை அடுத்த கர்ப்பத்தில்தான் தெரியும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்து உட்கார்ந்து, பழைய தழும்புக்குள் வேர் விட்டால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. கருப்பையையே எடுக்க வேண்டிவரும். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நஞ்சுக்கொடி இப்படி வாயை மறைத்த பெண்களுக்கு அது ஊடுருவியிருந்த வாய்ப்பு முதல் சிசேரியனில் 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. ஒரு குழந்தை போதும் என்று இருப்பவருக்கும் மூன்று குழந்தை வேண்டும் என்பவருக்கும் ஒரே ஆலோசனை ஏன் பொருந்தாது என்பதற்கு இந்த எண்களே போதும். மருத்துவர் கேட்காவிட்டாலும் 'எங்களுக்கு இன்னும் இத்தனை குழந்தை வேண்டும்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு முறை சிசேரியன் ஆனால் அடுத்ததும் அதுவேதான் என்பது பழைய நம்பிக்கை. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் உள்ளவர்கள் சுகப்பிரசவத்துக்கு முயன்றால் நான்கில் மூன்று பேருக்குக் கைகூடுகிறது. முன்பு ஒரு சுகப்பிரசவமும் ஆகியிருந்தால் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு. தழும்பு பிரியும் ஆபத்து சுமார் 200க்கு ஒன்று. மருந்து கொடுத்து வலி வரவைத்தால் அது இரண்டு மூன்று மடங்காகும். 200க்கு ஒன்று என்பது சிறிய எண். ஆனால் அந்த ஒருவருக்கு அறுவை அரங்கு நிமிடங்களில் தயாராக வேண்டும். ஆகவே இந்த முயற்சியை இடம்தான் அனுமதிக்கிறது அல்லது மறுக்கிறது.

நிறைமாதத்திலும் தலை மேலே, இடுப்பு கீழே என்று இருக்கும் குழந்தைகள் 100க்கு மூன்று நான்கு. 2000இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு இவர்களுக்குத் திட்டமிட்ட சிசேரியன் பாதுகாப்பு என்று காட்டியதும், இப்படிப் பிறக்கும் குழந்தையைக் கையால் எடுக்கும் திறனே பல இடங்களில் மறைந்துபோனது. அந்தக் குழந்தைகளின் ஒரு பகுதியை இரண்டு வயது வரை பின்தொடர்ந்து பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. அதற்குள் பழக்கம் மாறிவிட்டது. 36, 37ஆவது வாரத்தில் வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையைத் திருப்பிவிடும் முறை ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கிறது. அதைச் செய்யத் தெரிந்தவர் நீங்கள் பதிவு செய்யும் இடத்தில் இருக்கிறாரா என்று இப்போதே கேட்டு வைக்கலாம்.

வலியும் நேரமும்

எபிடூரல் போட்டால் சிசேரியன் ஆகிவிடும் என்ற பயம் ஆய்வுகளில் நிற்கவில்லை. முக்கித் தள்ளும் நேரம் நீளும், ரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், சிறுநீருக்குக் குழாய் வைப்பார்கள், 100க்கு ஒருவருக்குக் கடும் தலைவலி வரும். ரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைவாக இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ போட முடியாது. பெத்திடின் என்ற வலி குறைக்கும் ஊசி வலியை முழுதாக அடக்காது. பிறப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு போட்டால் குழந்தை மந்தமாகப் பிறக்கலாம். சிரிப்பு வாயுவை வலி ஏறத் தொடங்கியதுமே இழுக்க வேண்டும். உச்சத்தில் இழுத்தால் வேலை செய்வதற்குள் வலியே இறங்கிவிடும்.

நேரத்தைப் பற்றிய தவறான எதிர்பார்ப்பில்தான் நிறைய சிசேரியன்கள் முளைக்கின்றன. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கருப்பை வாய் திறக்க வேண்டும் என்பது 1950களில் எமானுவேல் ஃப்ரீட்மன் வரைந்த வளைகோட்டிலிருந்து வந்த விதி. உலக சுகாதார நிறுவனம் 2018இல் அதைக் கைவிடச் சொன்னது. 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிர வலி தொடங்குவதாகக் கொள்ள வேண்டும். அங்கிருந்து முதல் பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை, அடுத்தவற்றுக்கு 10 மணி நேரம் வரை போகலாம். முக்கித் தள்ள முறையே 3 மணி நேரமும் 2 மணி நேரமும். அதற்கு முந்தைய மெல்லிய வலி ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். 2 சென்டிமீட்டரில் போய்ப் படுக்கையில் சேர்ந்தவர் மறுநாள் காலை 'முன்னேற்றம் இல்லை' என்ற குறிப்போடு அறுவை அரங்குக்குப் போவது இப்படித்தான். குடம் உடையவில்லை, ரத்தம் போகவில்லை, குழந்தை அசைகிறது என்றால் எந்தக் கட்டத்தில் வரச் சொல்கிறார்கள், வந்து சீக்கிரமென்றால் திருப்பி அனுப்புவார்களா என்பதும் கேட்டுவைக்க வேண்டியதே.

வலி வரவைப்பதும் சிசேரியனுக்கே கொண்டுபோய் விடும் என்பார்கள். 2018இல் வெளியான, 6,100 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில் சிக்கல் இல்லாத முதல் கர்ப்பத்துக்கு 39ஆவது வாரத்திலேயே வலி வரவைத்தபோது சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களில் 22.2. அங்கே பொறுமையாகச் செய்தார்கள். கருப்பை வாய் கெட்டியாக மூடியிருக்கும்போதே டிரிப்பை ஏற்றிவிட்டு எட்டு மணி நேரத்தில் 'பலிக்கவில்லை' என்று முடித்தால் அந்த எண் வராது. வாயை இளக்கும் மாத்திரைக்கோ பலூனுக்கோ மட்டும் ஒரு நாள் ஆகலாம்.

ஒரே ஒரு பக்கம்

மூன்றாம் மாதத்தில் எழுதும் பிரசவத் திட்டம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பணி மாறி வரும் செவிலிக்குப் படிக்க அரை நிமிடம்தான் இருக்கும். மேலே ரத்த வகை, ஹீமோகுளோபின், ஸ்கேனில் உறுதியான தேதி, ஒவ்வாமை, முந்தைய அறுவை. அதன் கீழே மூன்று பத்தி: எல்லாம் சீராகப் போனால், வலி வரவைக்க நேர்ந்தால், சிசேரியன் ஆனால். மூன்றாவது பத்தியைப் பலர் எழுதுவதே இல்லை. அறுவை அரங்கில் யார் கூட இருப்பது, குழந்தையை உடனே மார்பில் போடுவார்களா, தொப்புள்கொடியை எப்போது வெட்டுவார்கள், குழந்தையைத் தனியே கொண்டுபோக நேர்ந்தால் உடன் போவது யார் என்பதெல்லாம் அங்கேதான் வரும்.

20ஆவது வாரத்தில் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொன்னால் காகிதத்தைக் கிழிக்க வேண்டியதில்லை; கருப்பை வளர வளர பெரும்பாலும் மேலே ஏறிவிடும், 32ஆவது வாரம் மறுபடி பார்ப்பார்கள். 36ஆவது வாரம் அந்தப் பக்கத்தை எடுத்துத் தலை எந்தப் பக்கம், ரத்த அழுத்தம் எவ்வளவு, ஹீமோகுளோபின் ஏறியதா என்று புது எண்களைப் போட்டு மாற்றி எழுதுங்கள். பழைய பிரதி பையில் கிடந்தால் எடுத்துவிடுங்கள். வலி வந்த இரவில் இரண்டு தாள் கையில் இருந்தால் பழையதுதான் முதலில் அகப்படும்.